காலைக்கு ஒரு படம்

திருடன் தினமும் காலையில் வந்தான். ஒரே ஒரு படத்தை எடுத்தான். போய்விட்டான். கதவு, ஜன்னல், பூட்டு எதுவும் உடையவில்லை. திருட்டு நடந்த இடம் ஒரு வெப்சைட்.

பறிகொடுத்தவள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கழுகின் அலுவலகத்துக்கு மாடியேறி வந்தாள். கீழே சலவைக் கடை. இஸ்திரிப் பெட்டியின் ஆவி படிக்கட்டு வழியாக மேலே வந்து, வருகிற எல்லோரையும் லேசாக வியர்க்க வைக்கும். ஆளை விசாரிக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்பது உதவியாளன் வாலின் கருத்து. வியர்க்கிறவர்கள் எல்லாம் குற்றவாளிகள் என்று வைத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும் என்றும் அவன் சொல்லியிருந்தான்.

கழுகு என்பது பட்டப்பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் எரியாத கடைகளின் தீ விபத்துகளையும் மோதாத கார்களின் மோதல்களையும் பல வருடம் சோதித்துவிட்டு, வேலையை விட்டு இந்தத் துப்பறியும் நிறுவனத்தை ஆரம்பித்த அம்மாள் அவர். பார்வை கூர்மை. ஆனால் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. வால் அவருடைய அக்கா மகன். முப்பது வயது. அலுவலகத்தில் சித்தி என்று கூப்பிடக்கூடாது, மேடம்தான் என்பது அவனை வேலைக்குச் சேர்த்த அன்றே போட்ட ஒரே நிபந்தனை.

வந்தவள் ஒரு டிசைனர். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் வால் தன் போனை நீட்டினான். நிறுவனத்துக்கு அவனே உருவாக்கிய வெப்சைட் அதில் இருந்தது. துப்பறியும் தொழிலில் செய்த வேலை எதையும் வெளியே காட்ட முடியாது. அதனால் படங்கள் பகுதியில் அலுவலக மின்விசிறி, படிக்கட்டு, இரண்டு நாற்காலிகள், தண்ணீர்க் குடுவை, கடைசியாக அவனே தூணில் சாய்ந்து, இரவல் கோட்டில், பூதக்கண்ணாடி வழியாக வானத்தைப் பார்க்கும் படம் ஆகியவை இருந்தன. டிசைனர் அதைப் பார்த்தாள். தொழில் நாகரிகம் தெரிந்தவள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

எட்டு வருடம் ஓர் அச்சகத்தில் லேபிள், அட்டைப்பெட்டி, புத்தக அட்டை எல்லாம் வடிவமைத்தவள். சமீபத்தில் வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் பண்ண இறங்கியிருந்தாள். அச்சகக்காரர் தடுக்கவில்லை. “மூணு மாசத்துல திரும்பி வருவ. உன் நாற்காலியை எடுக்காம வெச்சிருக்கேன்” என்று மட்டும் சொன்னார். அந்த நாற்காலி அன்றிலிருந்து அவள் கனவில் வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து தனக்கென்று ஒரு வெப்சைட் கட்டினாள். இதுவரை செய்ததில் முப்பது வேலைகளை அதில் ஏற்றினாள். மூன்று மாதத்தில் சின்னச் சின்ன வேலைதான் வந்தது. இப்போது முதல் தடவையாகப் பெரிய இடம் ஒன்று கதவைத் திறந்திருந்தது. ஒரு பிஸ்கட் கம்பெனி. அங்கே இன்று நாலு மணிக்கு ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அவளுடைய சைட்டைப் பார்க்கப் போகிறார்கள். புது பாக்கெட்டுகள் அவளுக்கா வேறு ஆளுக்கா என்று அங்கேயே முடிவாகிவிடும்.

முப்பதில் இன்று காலை மிச்சம் இருந்தது ஏழு.

“இப்படியே போனா நாலு மணிக்கு அவங்க பாக்கறதுக்கு என் போன் நம்பர் மட்டும்தான் மேடம் இருக்கும். அந்த நாற்காலியில நான் திரும்பப் போய் உக்கார மாட்டேன்.”

காலையில் எழுந்து பார்த்தால் ஒன்று குறையும். மறுபடி ஏற்றுவாள். அடுத்த நாள் அதே படம் மறுபடி காணாமல் போகும். ஓரிரு தடவைக்குப் பிறகு அந்தப் படத்தை அவள் விட்டுவிட்டால், அடுத்த காலை வேறொன்று போகும். பாஸ்வேர்டைப் பல தடவை மாற்றினாள். கடைசியாக வைத்தது இவ்வளவு நீளம் என்றால், அவளே மூன்று முறை தப்பாக அடித்துத் தன் சைட்டுக்கு வெளியே நின்றாள். சைட் கம்பெனியின் உதவி எண்ணில் பேசியவன், வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை, உங்கள் லேப்டாப்பிலிருந்துதான் அழிக்கப்படுகிறது என்று சாதித்தான்.

அழிப்பது கஷ்டமா என்று கழுகு கேட்டார். டிசைனர் காட்டினாள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு குப்பைத்தொட்டி. தொட்டால் ‘நிச்சயமா?’ என்று ஒரு கேள்வி வரும். ஆமாம் என்று தொட்டால் படம் போய்விடும்.

லேப்டாப் எந்நேரமும் சாப்பாட்டு மேஜையில் திறந்தே கிடக்கும். வீட்டில் இரண்டே பேர். அவளும் கணவரும். கணவர் வீட்டுக்குக் கீழேயே பழக்கடை வைத்திருக்கிறார். அவரைப் பற்றிக் கேட்டதும் டிசைனரின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. தங்கமான மனுஷன், எதைக் காட்டினாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார், கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

“இப்படி ஒருத்தர் வீட்டுல இருந்தா எதுக்குங்க வெப்சைட்டு,” என்றான் வால். “அவரையே கூட்டிட்டுப் போய் கம்பெனி வாசல்ல நிறுத்தியிருக்கலாம்.”

அவளுடைய சந்தேகமெல்லாம் அச்சகக்காரர்மேல். எங்கோ உட்கார்ந்துகொண்டு, எப்படியோ தன் லேப்டாப்புக்குள் புகுந்துவிட்டார் என்றாள்.

பையில் முப்பது வேலைகளும் தபால் அட்டை அளவில் அச்சிட்டு வைத்திருந்தாள். காணாமல் போன வரிசையில் அவற்றைத் தரையில் அடுக்கச் சொன்னார் கழுகு. டிசைனருக்கு அந்த வரிசை மனப்பாடம். விழுந்த பல்லை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்ல, வால் முழங்காலில் நகர்ந்து அடுக்கினான். முதலில் போனது ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் விளம்பரம். புலி, புலியைச் சுற்றித் தீ, தீயைச் சுற்றி எட்டு விதமான எழுத்து. அடுத்தது குளியலறை ஓடுகளின் விலைப்பட்டியல், வானவில்லோடு. வரிசை சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது.

நடுவில் ஒன்றைக் கையில் எடுத்த டிசைனர் வேகமாகக் கீழே வைத்தாள். உப்பு டப்பாவின் லேபிள். வெள்ளைத் தாளில் ஒரு நீலக் கோடு. கோட்டுக்கு மேல் ஒரு பறவை. வேறு எதுவும் இல்லை.

“இது செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னாடி போச்சு. சின்ன வேலைதான். போனா போகட்டும்னு திரும்ப ஏத்தல.”

கழுகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசை முழுக்க ஒரு நடை நடந்தார். திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். மற்ற செவ்வாய்க்கிழமைகளில் காலையில் ஏதாவது போனதா?

டிசைனர் யோசித்தாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இல்லை. செவ்வாய்க் காலையில் மட்டும் ஒன்றும் போனதில்லை.

“வாரத்துல ஒரு நாள் லீவு எடுக்கிற திருடன்,” என்றான் வால். “நம்ம ஆபீஸ்ல எனக்கே அந்த வசதி இல்ல மேடம்.”

கழுகு படங்களைப் பொறுக்கி எடுத்து, அவளை வீட்டுக்குப் போய் லேப்டாப்புக்குக் காவல் இருக்கச் சொன்னார்.

அச்சகம் நீளமான, ஜன்னல் குறைந்த கட்டடம். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் எல்லாவற்றையும் கத்திச் சொன்னார்கள். காலை வணக்கமே சண்டை மாதிரி இருந்தது. ஓரத்தில் அந்த நாற்காலி இருந்தது. மெத்தை வைத்த, சுழலும் நாற்காலி. மேலே தூசி படியாமல் ஒரு துணி போர்த்தியிருந்தார்கள்.

அச்சகக்காரர் தன் கண்ணாடி அறைக்குள் அவர்களை உட்கார வைத்து, குற்றச்சாட்டைக் கடைசி வரை கேட்டார். பிறகு மேஜையைக் காட்டினார். அங்கே கட்டுக் கட்டாகத் தாள்கள். அவருக்கு வருகிற மெயில்களைக் கணக்காளர் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து வைப்பார், இவர் பேனாவால் பதில் எழுதித் தருவார், கணக்காளர் அதைக் கொண்டுபோய்த் திரும்ப அடிப்பார். இப்படிப்பட்டவர் எங்கோ இருக்கும் லேப்டாப்புக்குள் புக வேண்டும் என்றால் ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும் என்று வால் கழுகின் காதில் சொன்னான். இயந்திர சத்தத்தில் அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அச்சகக்காரர் நல்ல மனிதர், கேளாதது போல இருந்துவிட்டார்.

கழுகு முப்பது அட்டைகளையும் கலைத்து மேஜைமேல் பரப்பினார்.

“ஒரு உதவி செய்யுங்க. இதுல எதெல்லாம் நாலு பேர் கண்ணுல பட்டா உங்களுக்கு வயிறு எரியும்? அதை மட்டும் எடுத்துக் குடுங்க.”

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. கை நேராக உப்பு டப்பாவுக்குப் போனது. அதைத் தனியே வைத்தார். பிறகு ஏழு அட்டைகளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். மீதியை மேஜையின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். இதையெல்லாம் ஊர் பூராவும் காட்டட்டும், எனக்கு லாபம்தான் என்றார்.

வால் குனிந்து பார்த்தான். அவர் எடுத்த ஏழும், இன்று காலை சைட்டில் மிஞ்சியிருந்த அதே ஏழு.

வாசல் வரை வந்து வழியனுப்பிய அச்சகக்காரர், அந்தப் பெண் வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று விசாரித்தார். வேலை என்று உட்கார்ந்தால் அதை மறந்துவிடுவாள் என்றார். கழுகு தலையாட்டிவிட்டு நடந்தார்.

தெருவில் வந்ததும் வாலால் பொறுக்க முடியவில்லை. “அவர் வயிறு எரியற படமெல்லாம் பத்திரமா இருக்கு. அவருக்கு லாபமான படமெல்லாம் காணோம். அப்போ அவர் திருடல.”

“எதிரின்னா எதை முதல்ல எடுப்பான்?”

“நல்லதை.”

“இவன் முதல்ல எதை எடுத்தான்?”

வால் நடுத்தெருவில் நின்றுவிட்டான். “புலியை.”

கழுகு மெதுவாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். அந்த வரிசை படுமோசத்தில் ஆரம்பித்து, மோசம், சுமார், பரவாயில்லை என்று ஒழுங்காகப் போகிறது. போகப் போக சைட் மேலும் மேலும் அழகாகிறது. ஒருவரை ஒழிக்க நினைக்கிறவன் இவ்வளவு பொறுமையாக உதவி செய்ய மாட்டான். இவன் அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறவன்.

“அப்படின்னா வாயைத் திறந்து சொல்லிட்டுப் போகலாமே. எதுக்குத் திருடணும்?”

“சொல்ல வராத ஆளா இருந்தா?”

வால் யோசித்தபடியே வந்தான். ஒன்று மட்டும் அவனுக்கு இடித்தது. எல்லாம் சரி, எல்லாவற்றிலும் உசத்தியான அந்தப் பறவை ஏன் போனது? கழுகு பேச்சை மாற்றி, பழம் வாங்க வேண்டும் என்றார்.

பழக்கடை மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. படிப்படியாக இறங்கும் மரத்தட்டுகளில் ஆப்பிள், ஆரஞ்சு, பேரிக்காய், மாதுளை. ஒவ்வொரு குவியலும் இப்போதுதான் குளித்துத் தலைவாரியது போல இருந்தது. மேலே பலகையில் கடையின் பெயருக்குக் கீழே இருந்ததை வால் சத்தமாகப் படித்தான். “செவ்வாய் விடுமுறை.” படித்துவிட்டு அவனே வாயைப் பொத்திக்கொண்டான்.

பழக்கடைக்காரர் உயரமான, அமைதியான மனிதர். ஏப்ரன் கட்டியிருந்தார். “வாங்கக்கா, என்ன வேணும்?” என்றார். கழுகு ஆப்பிள் எப்படி என்று கேட்டார். நல்லா இருக்கு என்றார். ஆரஞ்சு? நல்லா இருக்கு. வெயில் எப்படி? நல்லா இருக்கு. வால் தன் போனை நீட்டி வெப்சைட்டைக் காட்டினான். பழக்கடைக்காரர் மின்விசிறி, படிக்கட்டு, குடுவை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து, பூதக்கண்ணாடிப் படத்தில் கொஞ்ச நேரம் நின்று, நல்லா இருக்கு தம்பி என்றார். வால் பூரித்துப் போனான்.

கழுகு அவருடைய வாயைக் கவனிக்கவில்லை. கையைக் கவனித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே, கண் வாடிக்கையாளரின் முகத்தில் இருக்கும்போதே, அந்தக் கை பேரிக்காய்க் குவியலின் மேல் போனது. ஒன்றைத் தொட்டது, விட்டது. இன்னொன்றைத் தொட்டது, எடுத்தது. கல்லாவுக்குக் கீழே ஒரு கூடையில் போட்டது. அந்தக் கூடை எதற்கு என்று கேட்டதற்கு, அடிபட்டது, வாடினது எல்லாம் அதில் போகும், சாயங்காலம் ஜூஸ் கடைக்காரன் வந்து அள்ளிக்கொள்வான் என்றார். சில பேர் அடியில் வைத்து மறைத்து விற்பார்கள், தனக்கு அது கை வராது, காலையில் கடையைத் திறக்கும் முன் பொறுக்கி வெளியே வைத்துவிட்டால்தான் மற்றதற்கு மரியாதை என்றார். அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

கழுகு கைப்பையைத் துழாவினார். முப்பது அட்டைகளும் கடை வாசலில் கொட்டின. தவறி விழுந்தது போலவே இருந்தது. பல வருடப் பழக்கம்.

“அடடா. எனக்குக் குனிய முடியாது. கொஞ்சம் அடுக்கிக் குடுக்கறீங்களா?”

அவர் பொறுக்கி எடுத்து, கல்லாமேல் வைத்து அடுக்க ஆரம்பித்தார். கழுகு உடனே பேச்சுக் கொடுத்தார். மாதுளை எங்கிருந்து வருகிறது, திராட்சை எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பழக்கடைக்காரர் பதில் சொன்னார். கை தன் வேலையைச் செய்தது. சில அட்டைகள் வலது பக்கம் போயின. சில இடது பக்கம் போயின. அடுக்கி முடித்ததும் வலதுபக்கக் கட்டை மரியாதையாகக் கழுகிடம் நீட்டினார். இடதுபக்கக் கட்டைக் கூடைக்குள் போட்டார்.

கூடைக்குள், அடிபட்ட பேரிக்காய்களுக்கு நடுவில், புலி மல்லாந்து கிடந்தது.

“சித்தி,” என்றான் வால்.

“மேடம்,” என்றார் கழுகு.

பழக்கடைக்காரர் கூடையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, மேலே போகலாம் என்றார்.

மேலே டிசைனர் லேப்டாப்புக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி தாண்டியிருந்தது. கழுகு பழக்கூடையை மேஜைமேல் வைத்தார். அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூடையையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தபோதே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

“நீங்களா?”

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீ குடிக்கிறப்ப எதிரில் அது திறந்து கிடக்கும் என்று ஆரம்பித்தார். கடை திறக்கப் போகிற நேரம், கை சும்மா இருக்காது. முதல் நாள் அந்தப் புலியை எடுத்தார். எடுத்த பிறகு மற்றதெல்லாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. அடுத்த நாள் இன்னொன்று. அவள் திரும்ப வைத்தபோது, பாவம் கவனிக்காமல் வைத்துவிட்டாள் என்று நினைத்துத் திரும்ப எடுத்தார். திருடன் என்று அவள் தேட ஆரம்பித்த பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“இதையெல்லாம் உங்ககிட்ட காட்டித்தானேங்க ஏத்தினேன். ஒவ்வொண்ணையும் எப்படி இருக்குன்னு கேட்டேனே. நல்லா இருக்குன்னு சொன்னீங்களே.”

“நீ எப்படி இருக்குன்னு கேப்ப. நான் நல்லா இருக்குன்னு சொல்வேன். உடனே நீ எழுந்து போயிடுவ.” அவர் லேப்டாப்பைக் காட்டினார். “இது மட்டும்தாம்மா, நிச்சயமான்னு ஒரு தடவை கேட்டுச்சு.”

வால் போனை எடுத்தான், யாரிடமும் நீட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனுடைய பணிக்காலத்தில் அது முதல் தடவை.

டிசைனர் எழுந்து உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கோபம் போயிருக்கவில்லை. அது பறவையிடம் போய் நின்றிருந்தது. புலியை எடுத்தீங்க, சரி, அந்தப் பறவை உங்களை என்ன பண்ணிச்சு என்று கேட்டாள்.

பழக்கடைக்காரர் நிமிர்ந்தார். “அதை நான் தொடல. மத்த எல்லாத்தையும் எடுத்திருந்தாலும் அதை வெச்சிருப்பேன். அது காணாமப் போன அன்னிக்குத்தான் எனக்கே பயம் வந்துச்சு, நிஜமாவே திருடன் வந்துட்டானோன்னு.”

வால் நோட்டம் விட்டபடி கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றான். இன்னொரு திருடன் இருந்தால் அவன் ஓடக்கூடாது என்ற முன்னெச்சரிக்கை.

“அங்க நிக்காத,” என்றார் கழுகு. “ஓடற ஆள் இல்ல இது.”

அவர் டிசைனருக்கு எதிரில் உட்கார்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். மற்ற படங்கள் எல்லாம் எப்போது போயின என்று கேட்டதற்கு, காலையில் எழுந்து பார்த்தால் காணோம் என்றுதான் சொன்னாய். பறிகொடுத்தவளுக்கு அவ்வளவுதான் தெரியும். இதற்கு மட்டும் செவ்வாய் மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னாடி என்று நேரம் சொன்னாய். மற்றதையெல்லாம் சலிக்காமல் திரும்ப ஏற்றினாய். இதை மட்டும் ஏற்றவில்லை. ஒரு பொருள் போன நேரம் அவ்வளவு சரியாகத் தெரிந்த ஆள் ஒரே ஆள்தான்.

டிசைனர் மேஜைத் துணியின் ஓரத்தை மடித்தாள். பிரித்தாள்.

“அரை மணி நேரத்துல போட்டதுங்க அது. மத்ததெல்லாம் நாள் கணக்கா உக்காந்து செஞ்சது. ஒரு கோடு, ஒரு பறவை. இதைப் பாத்தா இவளுக்கு இவ்வளவுதான் வரும்போலன்னு நினைச்சுடுவாங்கன்னு நானே எடுத்துட்டேன். உங்ககிட்ட அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“ஆக ஒரே வீட்டுல ரெண்டு திருடங்க,” என்றான் வால். “ஒருத்தர் சொத்தையைத் திருடறார். இன்னொருத்தர் நல்லதைத் திருடறாங்க. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா வேலை சுத்தமா முடிஞ்சிருக்கும்.”

உன் பழைய முதலாளியைக் கேட்டேன், வயிறெரிகிற படம் எது என்று, அவர் முதலில் எடுத்தது இதைத்தான் என்றார் கழுகு. டிசைனர் நம்பவில்லை. கழுகு அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதை முதல் தடவை பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

பிறகு கூடைக்குள் கையை விட்டுப் புலியை எடுத்தாள். ஈரமாக இருந்தது. கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இது எப்படி இருக்கு?”

“நல்லா...”

“நிச்சயமா?”

அவர் கழுகைப் பார்த்தார். உதவி கிடைக்கவில்லை.

“இல்ல,” என்றார். சொன்ன பிறகு வீடு இடிந்து விழாததைக் கவனித்து, இன்னும் கொஞ்சம் தைரியம் வந்தது. “புலி பரவாயில்லம்மா. அதுக்கு எதுக்குத் தீ?”

டிசைனர் அவரை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவளின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதன்பிறகு கூடையில் இருந்த ஒவ்வொன்றும் விசாரணைக்கு வந்தது. எட்டு வருடமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த மனிதரிடமிருந்து வெளியே வந்தது. வானவில் ஏன் குளியலறையில், இந்த எழுத்தை வாடிக்கையாளர் தள்ளி நின்று படிக்க முடியுமா, இதில் பெட்டி எது, நிழல் எது. டிசைனர் பலதை ஒத்துக்கொண்டாள். சிலதற்குச் சண்டை போட்டாள். ஒன்றில் மட்டும் இறங்கவே இல்லை. குழந்தைகள் பற்பசையின் அட்டைப்பெட்டி. திறக்கிற மூடியே முதலையின் வாய். அவருக்கு அந்த முதலை பிடிக்கவில்லை. அது தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்றார். அச்சகக்காரருக்கும் அது பிடிக்கவில்லை என்று வால் எடுத்துக் கொடுத்தான். அவள் அசையவில்லை. இருவரும் கழுகைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். குடும்பத் தகராறில் தலையிடுவதில்லை என்று அவர் ஓர் ஆப்பிளைக் கடித்தார்.

முதலை மேலே ஏறியது. பறவையும் ஏறியது. ஏழு ஒன்பது ஆனது. டிசைனர் பறவையை முதலில் வைத்தாள்.

மணி நாலு. யாரும் எதையும் தொடக்கூடாது என்று வால் லேப்டாப்புக்கு முன்னால் கையை விரித்து நின்றான். பழக்கடைக்காரர் தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நாலரைக்கு மேல் போன் வந்தது. பிஸ்கட் கம்பெனியின் மேலாளர், ஒரு பெண்மணி. டிசைனர் ஸ்பீக்கரில் போட்டாள். பேசியதில் பாதி அவளுக்கு அப்போது காதில் ஏறவில்லை என்று பிறகு சொன்னாள். மற்றவர்கள் கேட்டது இதுதான். முதல் தடவை இந்த சைட்டைப் பார்த்தபோது அரை நிமிடத்தில் மூடிவிட்டார்கள். ஆனால் அலுவலகத்தில் ஒரு பெண் தினமும் அதைத் திறந்து பார்த்தாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அது நன்றாகிக்கொண்டே வந்ததாம். அங்கே அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டதாம், இன்று எதை எடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. அந்தப் பறவையைக் காணவில்லை என்று செவ்வாய்க்கிழமை எல்லோரும் வருத்தப்பட்டார்களாம்.

“இப்போ அது திரும்ப வந்துடுச்சு. எங்க டைரக்டர் அதைத்தான் ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் அந்த முதலையைப் பாத்துச் சிரிச்சுட்டார். அவர் சிரிச்சு நாங்க பாத்ததில்ல. வேலை உங்களுக்குத்தான். ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். உங்க சைட்டை யாரு பாத்துக்கறாங்க?”

முதலை என்ற வார்த்தை வந்தபோதே டிசைனர் கணவர் பக்கம் திரும்பி, புருவத்தை உயர்த்தியிருந்தாள். அவர் தலையைக் குனிந்து தோல்வியை ஒத்துக்கொண்டார். இப்போது அவள் போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“வீட்டுல ஒருத்தர் இருக்காருங்க,” என்றாள். “பழக்கடைக்காரர்.”

கழுகு புறப்பட எழுந்தபோது, கைம்மாறாக உங்கள் சைட்டை நானே சரிசெய்து தருகிறேன் என்றாள் டிசைனர். இதில் சரிசெய்ய என்ன இருக்கிறது என்று வால் கேட்டான். டிசைனர் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் அதில் நிறுவனத்தின் சைட்டைத் திறந்து, உள்ளே போக வழி செய்து கொடுத்து, அப்படியே சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கழுகு அலுவலகத்துக்கு வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி வருகிற சத்தம் கேட்டது. வால் மூச்சிரைக்க வாசலில் நின்றான். இஸ்திரி ஆவியில் முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“சித்தி, நம்ம சைட்ல ஒரு படம் காணோம்.”

“மேடம்.”

“மேடம். ஒரு படம் காணோம்.”

“எது?”

வால் போனை நீட்டினான். மின்விசிறி இருந்தது. படிக்கட்டு இருந்தது. நாற்காலிகளும் தண்ணீர்க் குடுவையும் இருந்தன. தூண் இருந்த இடம், இரவல் கோட்டும் பூதக்கண்ணாடியும் வானமும் இருந்த இடம், வெறிச்சென்று இருந்தது.

கழுகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

“இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்டான் வால்.

“நல்லா இருக்கு,” என்றார்.